எட்டு பேட்டரியும் ஒரு மாமியாரும்

பயணத்துக்கு நான்கே நாள் இருக்கும்போது புகைப்படக்காரியின் உதவியாளர், வேறு வேலை கிடைத்துவிட்டது என்று இரண்டு வரிச் செய்தி அனுப்பிவிட்டுக் கம்பி நீட்டிவிட்டார். மலை மேல் ஒரு பெரிய பள்ளத்தாக்குக்குக் குறுக்கே இரும்புப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கரையிலிருந்தும் நீண்டு வந்த பாலத்தின் நடுத்துண்டைத் தூக்கிப் பொருத்தும் நாளைப் படம் எடுக்கத்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரே ஒரு தரம் நடக்கிற காரியம். "மன்னிக்கணும், இன்னொரு தடவை மாட்டிக் காட்டுங்க" என்று கேட்க முடியாது.

"இன்னொரு டிக்கெட் சும்மா கிடக்கே, யாரைக் கூட்டிட்டுப் போவே?" என்று அவள் கணவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். கேட்டது அவளிடம். பதில் வந்தது அடுத்த அறையிலிருந்து.

"நான் பனியே பாத்ததில்லை."

அவள் மாமியார் பிரசவ வார்டில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்துத் தலைமை நர்ஸாக ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் ஹெட்நர்ஸம்மா. கனத்த சரீரம், அதைவிடக் கனத்த குரல். மார்கழிக் குளிரிலும் மின்விசிறி போட்டுக்கொண்டு தூங்குவார். வலியில் கத்துகிற பெண்களையும், வெளியே கத்துகிற கணவன்மார்களையும் ஒரே அதட்டலில் அடக்கிய வாய் அது. அந்த வாய் "போகணும்" என்று சொன்ன பிறகு வீட்டில் யாருக்கும் வேறு யோசனை தோன்றவில்லை. பாலம் கட்டுகிற நிறுவனத்துக்காரர்களும் டிக்கெட்டில் பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

புகைப்படக்காரி அன்று மாலையே உட்கார்ந்து பேட்டரி பாடம் எடுத்தாள். எடுத்தாளே தவிர, எதிரில் இருந்தவர் மாணவி மாதிரி உட்காரவில்லை, இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ஒவ்வொண்ணையும் தனித்தனி டப்பாவுல வைக்கணும் அத்தை. இந்தச் செம்புத் தகடு வேற எந்த இரும்பு மேலயும் படக்கூடாது. சாவிக்கொத்து, சில்லறை எதுவும். சார்ஜ் ஏறினது முகம் மேல, தீர்ந்தது முகம் கீழ. சுத்தமாத் தீர விடக்கூடாது. ரொம்ப நாள் சும்மா வைக்கிறதா இருந்தா பாதி சார்ஜ்ல வைக்கணும். வெயில் படற கார்ல விடக்கூடாது, குளிரவும் விடக்கூடாது."

"உன் புருஷனைக்கூட நான் இவ்வளவு பாத்து வளக்கலை" என்றார் ஹெட்நர்ஸம்மா.

பேட்டரிகள் மொத்தம் எட்டு. ஒவ்வொன்றின் முதுகிலும் சின்ன வெள்ளைக் காகிதம் ஒட்டி, எறும்பு எழுத்தில் ஒரு பெயர் எழுதியிருந்தது. எண் போட்டு வைப்பதுதான் தொழில் வழக்கம். ஆனால் அவளுக்கு எண்கள் மறந்துபோகும், குணம் மறக்காது. ஆகவே ஒவ்வொன்றின் குணத்தைப் பார்த்து, புகுந்த வீட்டுச் சொந்தத்தில் அதற்கு யார் பொருத்தமோ அவர் பெயரை வைத்திருந்தாள். பெரியப்பா, எப்போது பார்த்தாலும் நூறு சதவீதம் என்று காட்டும். பத்துப் படம் எடுப்பதற்குள் படுத்துவிடும். நாத்தனார் சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும். கொழுந்தன் துடைத்துத் தட்டிப் போட்டால்தான் வேலை செய்யும். இப்படி. அந்தப் பெயர்கள் கண்ணாடி போடாத மாமியார் கண்ணுக்குத் தெரியாது என்று அவள் தைரியமாக இருந்தாள்.

அது உண்மைதான். தெரியவில்லை. விமான நிலையம் வரைக்கும்.

பெட்டியைப் போட்டுவிட்டு இருவரும் காத்திருந்தபோது ஒலிபெருக்கி ஹெட்நர்ஸம்மாவைக் கூப்பிட்டது. இருவரும் போனார்கள். உள்ளே ஒரு மேசை. மேசை மேல் ஹெட்நர்ஸம்மாவின் பெட்டி மல்லாந்து கிடந்தது. ஸ்வெட்டர்களுக்கு நடுவில், பச்சைக் குழந்தையைப் படுக்க வைத்த மாதிரி, பேட்டரிப் பை.

"அத்தை! இதைக் கைப்பையிலதானே வைக்கச் சொன்னேன்?"

"கைப்பையில மாத்திரை வைக்கணும், தண்ணி பாட்டில் வைக்கணும். இதுக்குக் குளிரக்கூடாதுன்னு நீதானே சொன்ன? கதகதன்னு கம்பளிக்குள்ள வச்சேன்."

பாதுகாப்பு அதிகாரி நல்ல மனிதர். லித்தியம் பேட்டரியைச் சரக்கோடு ஏற்றக்கூடாது, கையில்தான் கொண்டுபோக வேண்டும், அங்கே தீப்பிடித்தால் பார்க்க ஆள் கிடையாது என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தார். மாமியாரின் கண்ணாடி இன்னும் பைக்குள்தான் இருக்கிறதா என்று புகைப்படக்காரி பார்த்துக்கொண்டாள்.

"இந்த ரெண்டும் டூப்ளிகேட். எத்தனை வாட்-ஹவர்னு அச்சடிச்சிருக்கணும், ஒண்ணுமே இல்லை. விட மாட்டோம்." அவர் அவற்றின் முதுகைத் திருப்பி வாசித்தார். "புருஷன் ஒண்ணு. புருஷன் ரெண்டு."

அவை அவள் கணவன் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தவை. நல்லது வாங்கத் தெரியாமல், பாதி விலையில் கிடைத்த சந்தோஷத்தோடு வாங்கித் தந்தவை.

"அப்புறம் இது. பாருங்க, வயிறு வீங்கியிருக்கு. இதை விமானத்துல ஏத்தவே கூடாது. வீட்டுலயே வச்சிருக்கக் கூடாது, வெடிச்சிரும்." அவர் கண்ணைச் சுருக்கி வாசித்தார். வாசித்ததும் பக்கத்தில் நின்ற சக ஊழியரிடம் காட்டினார். இருவரும் கஷ்டப்பட்டு முகத்தை நேராக வைத்துக்கொண்டார்கள்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. ரெண்டு புருஷனையும் மாமியாரையும் நீங்க இங்கேயே விட்டுட்டுத்தான் போகணும்."

ஹெட்நர்ஸம்மா மெதுவாகக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். கையை நீட்டினார். அதிகாரி வீங்கிய பேட்டரியை அவர் உள்ளங்கையில் வைத்தார். அவர் அதைப் படித்தார். திருப்பி அதன் வயிற்றைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"எடுத்துக்குங்க தம்பி" என்று திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு மருமகளோடு பேசவில்லை.

பேசவில்லை என்றால் நேராகப் பேசவில்லை. விமானத்தில், "இந்த ஜன்னல்கிட்ட உக்காந்திருக்கவங்க கொஞ்சம் முழங்கையை எடுத்துக்கிட்டா நல்லது" என்று பணிப்பெண்ணிடம் சொன்னார். மலையடிவாரத்தில் இறங்கி ஜீப் ஏறியதும், "டிரைவர், பின்னாடி இருக்கவங்களைக் கதவைச் சரியாச் சாத்தச் சொல்லுங்க" என்றார். டிரைவர் ஒரு அப்பாவி. இரண்டு மணி நேரமும் திரும்பித் திரும்பி இரண்டு பக்கமும் தூது சொல்லிக்கொண்டே ஓட்டினார். சாலை வளைந்து வளைந்து போனதை நினைத்தால், அவர்கள் உயிரோடு போய்ச் சேர்ந்ததே பெரிய விஷயம்.

புகைப்படக்காரி வழியெல்லாம் சமாதானங்களைத் தயார் செய்து பார்த்தாள். ஒன்றும் தேறவில்லை. அந்த வீங்கிய பேட்டரியைத் தூக்கிப் போட வேண்டும் என்று அவளுக்கு இரண்டு மாதமாகவே தெரியும். கேமராவுக்குள் போனால் லேசில் வெளியே வராது, நெயில் கட்டர் வைத்து நெம்ப வேண்டும். ஆனாலும் எட்டில் அதுதான் நாள் முழுக்கத் தாங்கும். எறிய மனசு வரவில்லை. இதை எந்தப் பக்கத்திலிருந்து சொன்னாலும் மாமியாருக்கு எரியும்.

மீதி ஐந்து. மலை மேல் இருந்த அந்தச் சின்ன ஊரில் ஆணி கிடைக்கும், ரப்பர் பூட்ஸ் கிடைக்கும். கேமரா பேட்டரி என்றால் கடைக்காரர் டார்ச்சுக்குப் போடுகிற கட்டையை எடுத்து வைத்தார்.

வந்து சேர்ந்த மூன்றாம் நாள் அதிகாலை நடுத்துண்டைத் தூக்குவதாகத் திட்டம். அதனால் இரண்டாம் நாள் காலை அவள் சைட்டைப் பார்க்கக் கிளம்பினாள். விடுதி அறையில் சாவி அட்டையைச் சுவரிலிருந்த பொந்தில் செருகினால்தான் மின்சாரம் வரும். சார்ஜரில் ஒரு தரத்துக்கு இரண்டு பேட்டரிதான் போட முடியும். "ஒண்ணரை மணிக்கு ஒரு தடவை மாத்தணும்" என்று அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "தெரியும்" என்று ஹெட்நர்ஸம்மா ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். டியூட்டி என்று வந்துவிட்டால் அவர் கோபதாபம் பார்க்கிறவர் இல்லை. முதல் இரண்டையும் சரியான நேரத்துக்கு எடுத்து, அடுத்த இரண்டைப் போட்டார்.

அப்புறம்தான் வெந்நீர் வேண்டும் என்று கீழே போனார். திரும்பி வரும்போது கதவு திறக்க வேண்டுமே என்று பொந்திலிருந்த அட்டையை உருவிக்கொண்டு போனார். கீழே துணி மடிக்கிற பெண்ணின் மகளுக்கு ஏழாவது மாதம், கால் வீக்கம். வீக்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் ஹெட்நர்ஸம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மகளை வரவழைத்தார். நாடி பார்த்தார். உப்பைக் குறை என்றார். மருமகனுக்கும் ஆள் அனுப்பி வரவழைத்து, அவன் எதற்கு வந்தான் என்று அவனுக்கே தெரிவதற்குள் ஒரு மூச்சு திட்டி முடித்தார். இரண்டு மணி நேரம் போனது. மேலே இருட்டறையில் பேட்டரிகள் கால்வாசி ஏறியபடி பட்டினி கிடந்தன.

ஒரு மணிக்குப் புகைப்படக்காரி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"இன்னைக்கே தூக்கறாங்களாம்! மூணு மணிக்கு!"

தலைமைப் பொறியாளர் விஷயத்தை விளக்கியிருந்தார். குளிரில் இரும்பு சுருங்கும். இரண்டு பாதிப் பாலங்களும் சுருங்கினால் நடுவில் இடைவெளி கொஞ்சம் விரியும். அப்போதுதான் நடுத்துண்டு உள்ளே நுழையும். நாளைக்கு வருவதாக இருந்த குளிர் இன்றைக்கே வந்துவிட்டது. நாளைக்குப் புயல் வேறு. பொறியாளருக்கு இப்படி ஒரு குளிர் லட்டு மாதிரி. அவளுக்கோ எமன். பேட்டரிக்குக் குளிர் ஆகவே ஆகாது. உள்ளே பாதிச் சத்து இருக்கும்போதே செத்த பிணம் மாதிரி விறைத்துப்போகும்.

இருவரும் மேலே அறைக்கு ஓடினபோது சார்ஜரில் விளக்கே எரியவில்லை. அவள் பொந்தைப் பார்த்தாள். மாமியார் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். ஹெட்நர்ஸம்மாவும் பொந்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். அவர் முகத்தில் முதல் தடவையாக ஓர் அசடு வழிந்தது. கத்தலாம் என்று அவள் வாயைத் திறந்தாள். முந்தின நாள் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டாள். முழுதாக இரண்டு, கால்வாசியில் இரண்டு, தொடவே தொடாத ஒன்றில் பழைய மிச்சம் பாதி. அவ்வளவுதான் கையிருப்பு.

ஜீப்பில் ஏறியதும் அவள் தொண்டையைக் கனைத்தாள்.

"டிரைவர், குளிர்ல பேட்டரி செத்துப் போயிடும். உடம்போட ஒட்டி வச்சுச் சூடாக்கினா மறுபடி உயிர் வரும். என் உடம்புல சூடே கிடையாது, கை எப்பவும் ஐஸ்கட்டி. முன்னாடி உக்காந்திருக்கவங்க வச்சுக்குவாங்களான்னு கேளுங்க."

டிரைவர் யோசித்தார். "நான் வேணா வச்சுக்கட்டுமா மேடம்? எனக்கு நல்லா வேர்க்கும்."

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றார் ஹெட்நர்ஸம்மா. பின்பக்கம் கையை மட்டும் நீட்டினார். "குறைப் பிரசவத்துல பொறந்ததையெல்லாம் இந்த நெஞ்சுலதான் வச்சுக் காப்பாத்தியிருக்கேன். நாலு தீப்பெட்டிக்கு இடம் இருக்காதா?"

பள்ளத்தாக்கில் காற்று ஊளையிட்டது. மைனஸ் எட்டு. இருவருக்கும் தலைக்கவசமும் மஞ்சள் மேல்சட்டையும் கொடுத்துப் பாலத்தின் ஓரத்தில் கம்பித் தடுப்புக்குப் பின்னால் நிற்க வைத்தார்கள். தொண்ணூறு டன் நடுத்துண்டு பள்ளத்தாக்கின் அடியிலிருந்து கம்பிவடங்களில் தொங்கிக்கொண்டு, நத்தை வெட்கப்படும் வேகத்தில் மேலே வந்துகொண்டிருந்தது. காற்று பலமாக அடித்தால் நிறுத்துவார்கள். அடங்கினால் தூக்குவார்கள். மூன்று மணிக்கு ஆரம்பித்த வேலை நாலேகாலாகியும் பாதி வழியில்தான் ஊசலாடியது.

முதலில் போனது பெரியப்பா. நூறு என்று காட்டினார், தொண்ணூறு என்றார், அப்படியே கண்ணை மூடினார்.

"பெரியப்பா செத்துட்டார்!" என்று அவள் கத்தினாள்.

பக்கத்தில் நின்ற தலைமைப் பொறியாளர் பதறிப்போய்த் தலைக்கவசத்தைக் கழற்றினார். "ஐயோ மேடம்... எப்ப தகவல் வந்தது? நீங்க வேணா கிளம்பறீங்களா?"

ஹெட்நர்ஸம்மா அவரைச் சட்டை செய்யவில்லை. நாற்பது ஆண்களுக்கு முன்னால், மேல்சட்டையின் ஜிப்பை இறக்கி, ஸ்வெட்டருக்குள், அதற்கும் உள்ளே கையை விட்டு, ஆவி பறக்க ஒரு பேட்டரியை எடுத்து நீட்டினார். செத்த பெரியப்பாவை வாங்கி அதே இடத்தில் வைத்தார். இரண்டு வெல்டர்கள் அவசரமாக மலையைப் பார்த்தார்கள்.

பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் இது நடந்தது. நாத்தனார் போய்க் கொழுந்தன் வந்தார், கொழுந்தன் விறைத்து, சூடேறிய பெரியப்பா மறுபிறவி எடுத்து வந்தார். ஹெட்நர்ஸம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கேமரா முனகுவதற்கு முன்பே அடுத்தது தயாராக நீண்டது. எது எவ்வளவு நேரம் சூட்டில் இருந்தது என்று மனசுக்குள் கணக்கு வைத்திருந்தார். புகைப்படக்காரிக்கு இப்படி ஓர் உதவியாளர் தொழிலில் வாய்த்ததே இல்லை. அதை நினைக்க அவளுக்குக் கொஞ்சம் கடுப்பாகக்கூட இருந்தது.

ஐந்தரை மணிக்கு நடுத்துண்டு வாயருகே வந்துவிட்டது. இரண்டு பக்கமும் கட்டைவிரல் அகலம்தான் இடைவெளி. ஃபோர்மேன் கையில் சம்மட்டி. துண்டுகளைக் கோத்துப் பிடிக்கும் முதல் இரும்புப் பின்னை அடிக்கும் அந்த நொடிதான் படம். அவள் குனிந்து கண்ணை வைத்தாள். திரை கறுத்தது. நான்கும் தீர்ந்துவிட்டன. சூடு காட்டினாலும் இனி எழுப்ப முடியாத சாவு.

"அத்தை! கடைசியா ஒண்ணு இருக்குல்ல, ஓரகத்தி! குடுங்க!"

ஹெட்நர்ஸம்மாவின் கை ஸ்வெட்டருக்குள் போனது. வெளியே வரவில்லை.

"அந்த வீங்கினதுக்கு ஏன் என் பேரை வச்ச?" ஒன்றரை நாளுக்குப் பிறகு நேராகப் பேசிய முதல் வாக்கியம்.

"இப்பவா அத்தை!"

"இப்பதான். மத்த நேரத்துல நீ பிடி குடுக்க மாட்டே."

"அது... நீங்க எவ்வளவு உழைச்சாலும் களைக்க மாட்டீங்க, அந்த பேட்டரியும்..."

"பொய். நாடி பாக்காமலே தெரியுது."

"அம்மா, பின் அடிக்கப் போறாங்க" என்றார் பொறியாளர்.

"அடிக்கட்டும் தம்பி. இங்க பிரசவ வலி நடக்குது, வெளிய நில்லுங்க."

ஃபோர்மேன் சம்மட்டியை ஓங்கிப் பார்த்து அளவு எடுத்தார். புகைப்படக்காரிக்குக் குளிர், பயம், மருமகளாக வந்த பதினாறு வருடம் எல்லாம் சேர்ந்து மண்டைக்கு ஏறியது.

"சூடாகும்! எதுக்கெடுத்தாலும் சூடாகும்! போதுமா? உள்ள நுழைஞ்சா வெளிய போகாது! எல்லா இடத்தையும் அடைச்சுக்கிட்டு உக்காந்திரும்! தூக்கிப் போடவும் முடியலை, அது இல்லாம ஒரு வேலையும் ஓடவும் மாட்டேங்குது! நானும் பதினாறு வருஷமா நெம்பிப் பாத்துட்டேன்!"

ஃபோர்மேன்கூடச் சம்மட்டியோடு திரும்பிப் பார்த்தார்.

"அந்த பேட்டரி வாங்கி ஆறு வருஷம்தானே ஆச்சு?" என்றார் ஹெட்நர்ஸம்மா.

ஹெட்நர்ஸம்மாவின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறாரோ என்று மருமகள் ஒரு நொடி பயந்தாள். இல்லை. வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே ஓரகத்தியை எடுத்து அவள் உறைந்த கையில் திணித்தார். "பிடி, பிடி, எடு சீக்கிரம், ஆள் ஓங்கிட்டான்."

பேட்டரி இட்லிச் சட்டியிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. அவள் போட்டாள். கேமரா கண் விழித்தது. சம்மட்டி இறங்கியது. பதினேழு படம். அதில் ஒன்பதாவதில், இரும்புப் பின் பாதி வரை உள்ளே போயிருக்கிறது, நடுத்துண்டு மேல் நிற்கிற வெல்டரும் இந்தக் கரை வெல்டரும் இடைவெளிக்கு மேலே எட்டிக் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். பின்னால் பனி விழத் தொடங்கியிருக்கிறது. பதினெட்டாவதுக்கு ஓரகத்தியும் போய்ச் சேர்ந்தது.

ஜீப்பில் திரும்பும்போது இருவரும் பின் சீட்டில் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். தூது வேலை போன டிரைவர் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் ஓட்டினார்.

"என் வலது முழங்கால் வலி இருக்கே" என்றார் ஹெட்நர்ஸம்மா, ஜன்னலைப் பார்த்தபடி. "அதுக்கு நான் ஒரு பேர் வச்சிருக்கேன்."

"என்ன பேர்?"

"எலும்பு டாக்டர்கிட்டயும் அப்படித்தான் சொல்லுவேன். 'டாக்டர், மருமக நேத்து ராத்திரியெல்லாம் தூங்க விடலை. ஊசி போட்டாலும் அடங்க மாட்டேங்கிறா.' அவரும் சீட்டுல அப்படியே எழுதியிருக்கார்."

"எத்தனை வருஷமா?"

"பதினாறு."

சொன்ன புயல் இன்னும் வந்து சேராததால், பொருத்தி முடித்த பாலத்தைப் பார்க்க மறுநாள் காலை அவர்கள் போனார்கள். ராத்திரியோடு ராத்திரியாகப் பின்கள் எல்லாம் அடித்து முடித்து, தொழிலாளர்கள் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார்கள். ஹெட்நர்ஸம்மா இரண்டு கோப்பை டீ குடித்தார். பிறகு பொறியாளரைக் கூப்பிட்டார்.

"தம்பி, பொம்பளைங்க கக்கூஸ் எங்க இருக்கு?"

இந்தக் கரையில் இருந்ததில் குழாய் உறைந்து வெடித்துவிட்டது. இன்னொன்று அந்தக் கரையில், கேன்டீன் பின்னால் இருக்கிறது. ஜீப்பில் சுற்றிப் போனால் மூன்று மணி நேரம் ஆகும் என்று பொறியாளர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"மூணு மணி நேரமா? எனக்கு மூணு நிமிஷம்கூடத் தாங்காது. பாலம் கட்டியிருக்கீங்களா, பொம்மையா?"

சைட்டின் பாதுகாப்பு அதிகாரி விதிமுறைப் புத்தகத்தை எடுத்து வந்தார். ஹெட்நர்ஸம்மா அவரைப் பார்த்த பார்வையில் புத்தகம் தானாக மூடிக்கொண்டது. இடுப்பில் பெல்ட் மாட்டினார்கள். முன்னால் ஃபோர்மேன், பின்னால் இரண்டு வெல்டர்கள், கைத்தாங்கலாக மருமகள். நானூறு மீட்டர். காலுக்கு அடியில் மேகம் போனது. நடுத்துண்டின் மேல் வந்ததும் அவர் ஒரு நொடி நின்று கீழே எட்டிப் பார்த்தார்.

"அழகா இருக்கா அத்தை?"

"அழகெல்லாம் அப்புறம். நட."

மூன்று மாதம் கழித்துப் பாலத்தைத் திறந்தார்கள். ரிப்பன், மேளம், மாலை. புகைப்படக்காரியின் ஒன்பதாவது படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி நுழைவாயிலில் வைத்திருந்தார்கள். தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர், பாலத்தை முதன்முதலாக நடந்து கடந்த பெருமை மாண்புமிகு அமைச்சருக்கே என்றார்.

சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஹெட்நர்ஸம்மா மருமகளைப் பார்த்தார். மருமகள் அவரைப் பார்த்தாள். இருவரும் எதற்கு இப்படி விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு அவள் கணவன் அலுத்துப்போனான். இருவரும் சொல்லவில்லை.